கோட்டைத் தொட்ட பந்து

போன வாரம் பாண்டிச்சேரியில், கருவடிக்குப்பம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். நடை என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். சர்க்கரைக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த நடை. டீக்கடை வரை போய், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிற நடை. வழியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தூசு கிளம்பாமலிருக்க ஒரு அம்மா பக்கெட்டிலிருந்து தண்ணீரை வாரித் தெளித்தார். செங்கல் தூளில் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை எழுந்தது. அப்படியே நின்றுவிட்டேன். நின்றது நான்தான், என் வலது கால் நிற்கவில்லை. அது பாட்டுக்குத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா சார், எதையாவது மிதிச்சிட்டியா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா. மிதிச்சு ரொம்ப வருஷமாச்சு," என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் தண்ணீரை என் காலுக்கே ஊற்றினார்.

அந்த வாசனைக்குள்தான் என் முதல் உத்தியோகம் இருந்தது. எழுபதுகளின் கடைசி. மில்லில் சேர எனக்கு உடம்பு பத்தாது, ஆபீசில் சேரப் படிப்பு பத்தாது என்று வீட்டில் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். தாய்மாமன் யார் யாரையோ பிடித்து ஒரு டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டார். ஒரே ஒரு கோர்ட்டு. செங்கல் தூள் பரப்பிய தரை. ஓரங்களில் வெள்ளை நாடாவை ஆணியடித்துக் கோடு போட்டிருப்பார்கள். காலையில் தண்ணீர் தெளித்து, கோணிப்படுதாவை இழுத்துத் தரையை மழமழவென்று ஆக்க வேண்டும். சாயங்காலம் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பாயிண்ட் சொல்ல வேண்டும்.

ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற நம்மூர்ப் பெரியவர்கள். பாயிண்டை பிரெஞ்சில்தான் சொல்லியாக வேண்டும். பந்து கோட்டுக்குள் விழுந்தால் 'போன்'. வெளியே விழுந்தால் 'ஃபோத்'. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் பிரெஞ்சு படித்ததில் எனக்குச் சோறு போட்டவை இந்த இரண்டு சொற்கள்தான். அவற்றையும் நான் நேர்மையாகப் பயன்படுத்தவில்லை. யாருக்கு வயது அதிகமோ அவருக்குப் பாயிண்டு. எழுபதைத் தாண்டியவர் அடித்த பந்து மதில்மேல் விழுந்தாலும் போன்தான். எல்லோரும் என்னைத் தங்கமான பிள்ளை என்றார்கள்.

அந்தக் காலத்து மத்தியானம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஒரு மணிக்குக் கடைகள் மூடினால் மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். ஊரே சாப்பிட்டுவிட்டு மல்லாந்துவிடும். தெருவில் நாய்கூட நிழலோடு நிழலாக ஒட்டிக் கிடக்கும். கிளப்பில் நானும் காவல்காரர் அந்தோணி அண்ணனும் மட்டும். அந்த நேரத்தில்தான், சரியாக இரண்டு மணிக்கு, அவர் வருவார்.

ருமேனியாக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. இடது முட்டி மடங்காது. ஒரு காலத்தில் உலகம் சுற்றி டென்னிஸ் ஆடியவராம். மனைவி பிரெஞ்சுக்காரி, இங்கே பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர், இவரையும் கூட்டி வந்துவிட்டார். அந்தோணி அண்ணனுக்கு அவர்மேல் தனி பக்தி. ஐயா என்பதற்குப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்றுதான் சொல்வார்.

"முசேவ ஒண்ணும் சொல்லாத தம்பி. போப்பாண்டவர் ஊரு ஆளு."

"அது ரோம் இல்லண்ணே. ருமேனியா."

"ரோமுக்குள்ள ஒரு ஏரியாவா இருக்கும்டா. நம்ம நெல்லித்தோப்பு மாதிரி."

அதிலிருந்து அவர் ரோம் முசே ஆகிவிட்டார். அண்ணனிடமே தமிழும் கற்றுக்கொண்டார். ஆறடி வெள்ளைக்காரர் அச்சு அசல் அந்தோணி குரலில் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அவர் ஆட மாட்டார். ராக்கெட்டே கொண்டுவர மாட்டார். நேராக மேற்குப் பக்கம், இடது மூலைக்குப் போவார். பின்கோட்டருகே குனிந்து பார்ப்பார். ஷூவின் நுனியால் ஏழெட்டுத் தரம் தரையைத் தேய்ப்பார். திரும்பிப் போய்விடுவார். தினமும் இதே. எனக்குக் கோபமாக வரும். இடுப்பு ஒடிய இழுத்துச் சமன் செய்த தரையைக் கலைப்பதற்கென்றே ஒருவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் வராது?

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். வரவில்லை. ஒழிந்தது தொல்லை என்று சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத் திரும்பினால், அந்த மூலையில் ஒரு தடம். செங்கல் தரையில் பந்து விழுந்தால் பதியுமே, கோழிமுட்டையைச் சாய்த்து அழுத்தி எடுத்த மாதிரி, அது. தெருப் பசங்க வேலை என்று தேய்த்து அழித்தேன். மறுநாள் கதவைப் பூட்டினேன். இரண்டு மணிக்கு அதே இடத்தில் அதே தடம். மூன்றாம் நாள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. வலைமேல் உட்கார்ந்திருந்த காக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. அந்த மூலையில் மட்டும் ஒரு சிட்டிகை தூள் எழும்பி அடங்கியது. தடம் விழுந்திருந்தது.

நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஏணி வழியாக இல்லை என்பதற்கு முழங்கையில் தழும்பு இருக்கிறது.

அந்தோணி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். "அவரு வந்த மறுநாள்லேர்ந்து விழுது தம்பி."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"உனக்கு முன்னால பெருக்கனவன் ஒரே வாரத்துல ஓடிட்டான். சொன்னா நீயும் ஓடுவ. அப்புறம் நான்ல பெருக்கணும்?"

காய்ச்சல் விட்டு ரோம் முசே வந்தபோது நான் தடத்தை அழிக்காமல் வைத்திருந்தேன். அவர் தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெயிலிலேயே உட்கார்ந்து பிரெஞ்சில் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் புரிந்தது பாதி. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

சின்ன ஊர். ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு கோர்ட்டு. இவரும் ஒரு கூட்டாளியும் ஒரே ராக்கெட்டை மாற்றி மாற்றி வைத்து ஆடக் கற்றவர்கள். வளர்ந்த பிறகு ஒரு நாள் இருவருக்கும் நடுவில் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவனுக்குப் பாஸ்போர்ட்டு, வெளிநாட்டு ஆட்டங்கள்; தோற்பவன் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டியது. கடைசியில் கூட்டாளி அடித்த பந்து இவர் பக்கம், இடது மூலையில், பின்கோட்டைத் தொட்டு விழுந்தது. நடுவருக்குச் சந்தேகம். தடத்தைப் பார்க்க இறங்கி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் இவர் உண்மையான தடத்தின்மேல் ஷூவை வைத்துத் தேய்த்துவிட்டு, பக்கத்தில், கோட்டுக்கு வெளியே கிடந்த பழைய தடம் ஒன்றைக் கையால் காட்டினார்.

"ஃபோத்," என்றார் நடுவர். வலைக்கு அந்தப் பக்கமிருந்த கூட்டாளி ராக்கெட்டைக் கீழே வைத்தான். வந்து கைகுலுக்கிவிட்டுப் போனான். அதன்பின் அவன் ராக்கெட்டைத் தொடவில்லை. சில பனிக்காலங்கள் கழித்துச் செத்துப்போனான்.

இவர் பாரிசில் ஆடினார், ரோமில் ஆடினார், கெய்ரோவில் ஆடினார். பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்றார். ஏனென்றால் கூட்டாளி செத்த வருஷத்திலிருந்து எந்த ஊர்ச் செங்கல் தரையிலும் இடது மூலையில் இந்தத் தடம் வந்துவிடும். பந்தைப் பார்ப்பாரா, இதைப் பார்ப்பாரா? முட்டி போய் ஆட்டத்தை விட்டபோது நிம்மதியாக இருந்ததாம். இந்தியாவில் புல்தரையும் சாணி மெழுகிய தரையும்தான் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் மனைவியோடு கிளம்பி வந்திருக்கிறார். வந்த ஊர் பாண்டிச்சேரி. பிரெஞ்சுக்காரன் செங்கல் தரை போட்டு வைத்துவிட்டுப் போன ஊர்.

"அழிக்காம பாத்ததே இல்ல தம்பி," என்றார், அந்தோணி அண்ணன் தமிழுக்குத் தாவி. "அன்னிலேர்ந்து ஒரு ஆளுகூட பாத்து சொல்லல. நீ ரெஃப்ரி. நல்லா பாத்து சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு."

நான் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தடத்துக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை நுழைத்துப் பார்க்க முயன்றேன். நுழையவில்லை. நாடாவின் ஓரத்தில் சிவப்புத் தூள் மெல்லிசாக ஒட்டியிருந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். பந்து கோட்டைத் தொட்டிருந்தது.

தலையை நிமிர்த்தினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர். வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு வெற்றி. நான்தான் தங்கமான பிள்ளையாயிற்றே.

"ஃபோத்," என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். என் கையிலிருந்த தீக்குச்சியைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டி, மெதுவாக, ஒரு துளிக் கோபமும் இல்லாமல் சொன்னார்:

"அப்ப இனிமே நீயே அழிச்சிக்கோ தம்பி."

அன்று அவர் ஷூ தரையைத் தொடவில்லை. அந்த மாதமே மனைவியோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று அந்தோணி அண்ணனுக்கும் சொல்லவில்லை. ரோமுக்குத்தான் என்று அண்ணன் அடித்துச் சொன்னார்.

தடம் போகவில்லை. மறுநாள் இரண்டு மணிக்கு விழுந்தது. நான் செருப்பால் தேய்த்தேன். அடுத்த நாளும் விழுந்தது. விட்டுத்தான் பார்ப்போமே என்று ஒருநாள் தேய்க்காமல் வீட்டுக்குப் போனேன். ராத்திரிச் சோற்றில் செங்கல் தூள் கடித்தது. அம்மா தட்டை மாற்றிப் போட்டார், அதிலும் கடித்தது. அதற்குப் பிறகு நான் லீவே எடுத்ததில்லை. கிளப்பில் எனக்குக் கடமை வீரன் என்று பெயர்.

என் கல்யாணத்தன்றுகூட, பந்தியில் பாதி இலையிலிருந்து எழுந்து சைக்கிளை எடுத்தேன். திரும்பி வந்தபோது பட்டுவேட்டியின் கரை முழுக்கச் சிவப்பு. மாமனார் மண்டப வாசலில் நின்றிருந்தார்.

"மாப்ள, எங்க போனீங்க?"

"கோர்ட்டுக்கு மாமா."

"கேஸ் ஏதாவது இருக்கா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்திக்குப் போனேன். என் மனைவி இன்றைக்கும் அந்தக் கேஸ் எவளைப் பற்றியது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பலமுறை அந்த மூலையில் நின்று வாயைத் திறந்திருக்கிறேன். சொல் வராது. கேட்கவேண்டிய ஆள் எதிரே இல்லாமல் ஒரு தீர்ப்பைக் காக்காயிடம் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றே எண்பதுகளில் பாதி போயிற்று. சொல்தாக்கள் ஒவ்வொருவராகக் காலமானார்கள். அந்தோணி அண்ணனும் போய்ச் சேர்ந்தார். மத்தியானத்தில் கடைகளைத் திறந்து வைக்க ஆரம்பித்தார்கள். அந்த நிசப்தமும் போயிற்று. கடைசியில் கிளப்பை இடித்துக் குடியிருப்பு கட்டப் போவதாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் அந்தத் தடம் விழ வேறு செங்கல் தரை இல்லை. நான் சொல்லவும் வேறு இடமில்லை.

இடிக்க ஆரம்பித்த அன்று லீவு போட்டுவிட்டு ஓடினேன். என்னிடமே லீவு போட்டுக்கொண்டேன் என்று வையுங்கள், வேலைதான் போய்விட்டதே. மேற்குப் பக்கத்தைக் காலையிலேயே கொத்தி முடித்திருந்தார்கள். இடது மூலையில் ஜல்லி கொட்டி, மேலே சிமெண்டு பூசி, ஈரமாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கொத்தனார் கரணையோடு குந்தியிருந்தார். இரண்டு மணி. எதுவும் விழவில்லை. முட்டி போட்டுத் தேடினேன்.

ஈரச் சிமெண்டைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன்:

"போன்!"

கொத்தனார் நிமிர்ந்து பார்த்தார்.

"போனா? ஆபீஸ் ரூம்ல இருக்குது சார்," என்றார். "ஆனா லைன எடுத்துட்டாங்க."