சர்வீஸ் முடிந்த வண்டிக்கு வந்த கூட்டம்

செங்கம் ரோட்டில் நான் பார்த்துக்கொள்ளும் கெஸ்ட்ஹவுஸில், உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி சில நாளாகச் சும்மா நின்றது. இன்று சர்வீஸ்.

தோட்டக்காரர் ஏழுமலை ஆயில் மாற்றினார். அடியில் அடை மாதிரி அப்பியிருந்த காய்ந்த புல்லை நான் சுரண்டினேன். பிளேடைச் சாணை பிடித்து மாட்டினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று.

அதற்குள் மாடியில் தங்கியிருக்கும் சென்னை மேடம் இறங்கி வந்துவிட்டார்.

"தியானம் பண்ண வந்திருக்கேங்க. வண்டிச் சத்தமெல்லாம் வேணாம். ஓனர்கிட்டயே சொல்லிடுவேன்."

"கொஞ்ச நேரம்தாங்க" என்று ஏழுமலை சாவியைத் திருப்பினார்.

மலைப்பக்கச் சுவரில் ஒரு மயில் வந்து நின்றது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டிக்குப் பின்னால் ஒரு கூட்டமே நடந்து வந்தது, வெட்டிய புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டு. வெயிலில் அந்தக் கழுத்துகளின் நீலம்!

ஏழுமலை சீட்டிலிருந்தே கத்தினார்: "இந்தச் சத்தம் கேட்டாதான் அதுங்க வரும் மேடம். வண்டி நின்னதுலேர்ந்து ஒண்ணையும் காணோம்!"

திரும்பினால், சென்னை மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஓட்டுவீங்க?"

புல் வளர வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.