மோட்டாரையும் சேர்த்து மாட்டச் சொன்னேன்

திருப்போரூரில் வயரிங் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஏசுதாஸைக் கூப்பிடாதீர்கள் என்றுதான் எங்கள் நகரில் எல்லோரும் சொல்வார்கள். அரை மணி வேலைக்கு அரை நாள் ஆக்குவார். மெயினை இறக்குவார். டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். பிறகு பையிலிருந்து ஒரு பல்பை எடுத்து மாட்டிப் பார்ப்பார். பல்பு எரியவில்லையா, அப்போதும் நம்பமாட்டார். புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைப்பார். "இன்னாய்யா, எலெக்ட்ரீசியனுக்கே இவ்ளோ பயமா?" என்று யாராவது கேலி செய்தால் கோபமே வராது. "பயமாத்தான் கீது. பயப்படாதவன்லாம் போட்டோவா தொங்கிகினு கீறான்" என்பார்.

எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்து, பால்காரர் முதல் பிளம்பர் வரை எல்லோரையும் விரட்டி விரட்டியே வேலை வாங்கிப் பழகியவள் நான். என் கணவர் பார்த்தசாரதி ரிடையர் ஆனதும் திருப்போரூரில் மனை வாங்கி வீடு கட்டினோம். குடிவந்து மூன்றாம் வருஷம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது, காரணம் தெரியவில்லை, இனி ஆக்ஸிஜன் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அதற்கு ஒரு மெஷின் வந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் இருந்தால்தான் ஓடும். கரண்ட் போனால் திறந்துகொள்ள ஒரு சிலிண்டர் இருந்தது. அது ஐந்து, ஆறு மணி நேரம் தாங்கும். இருந்த பழைய இன்வெர்ட்டரில் மாட்டினால் மெஷின் கூச்சல் போட்டு நின்றுவிட்டது. இதெல்லாம் நடந்தது 2008இல். அந்த வருஷம் பவர்கட் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குப் போன கரண்ட் பன்னிரண்டுக்கு வரவேண்டும். வரவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. சிலிண்டர் முள் சிவப்புக்கு இறங்கியது. இன்னொரு சிலிண்டர் எடுத்துவரச் செங்கல்பட்டுக்குப் போன என் தம்பி ஷ்யாம், போனை எடுக்கவில்லை. இவர் கட்டிலில் உட்கார்ந்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைப் பாருங்க, அதைப் பார்க்காதீங்க" என்று அவர் முகத்தைத் திருப்பினேன். நாலு மணிக்குக் கரண்ட் வந்தபோது முள் அடியில் படுத்துக் கிடந்தது. அன்றைக்கு நான் அழவில்லை. அழக்கூடப் பயமாக இருந்தது.

"அக்கா, பெரிசா ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுடு" என்றான் ஷ்யாம். அவன் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். அவனுக்கு எதுவுமே பெரிசாக இருக்கவேண்டும். "ஏழரை கேவிஏ டீசல். ஏசி ஓடும், மோட்டார் ஓடும், வீடு மொத்தமும் ஓடும். அப்புறம் கவலையே இல்ல." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வயரிங்கிற்கு ஆள் தேடினால், கைதேர்ந்தவர்கள் எல்லோரும் ரோட்டோரம் எழும்பிய அடுக்குமாடி வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். மிஞ்சியவர் ஏசுதாஸ்.

வந்தவர் நேரே மெஷினிடம் போனார். பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து ஒரு நோட்டில் எழுதினார். ஃபேன், டியூப்லைட், ஃப்ரிட்ஜ், எல்லாவற்றையும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள்.

"எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"இது ஓடுறப்ப இழுக்கறது. இது எழும்புறப்ப இழுக்கறதும்மா. ஃப்ரிட்ஜு ஓடுறப்ப எரநூறு வாட்டுதான். எழும்புறப்ப ஆயிரம் கேக்கும். ஜெனரேட்டரு ஓடறதுக்குப் படுக்காது, எழும்பறதுக்குத்தான் படுக்கும்."

"சரி, ஏழரை கேவிஏ வாங்கினா எல்லாம் எழும்பும் இல்ல?"

அவர் நோட்டை மூடினார். "ஸ்டார்ட்டு பண்றது யாரும்மா?"

"என்ன கேள்வி இது? நான்தான். வேற யார் இருக்கா வீட்டுல?"

"அப்ப ஒரு வாட்டி வந்து பாருங்க."

தெருக்கோடியில் இருந்த கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப்போனார். பின்கட்டில் அதே அளவில் ஒரு டீசல் ஜெனரேட்டர் நின்றது. ஹேண்டிலை மாட்டி, "சுத்துங்க" என்றார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. மேலே சாய்ந்து அழுத்தினேன். கால் சுற்று போய், அப்படியே திரும்பி வந்து என் மணிக்கட்டைத் தட்டியது. "பாத்தும்மா! திருப்பி அடிச்சா கை ஒடிஞ்சிடும்" என்று பதறி என்னைப் பின்னால் இழுத்தார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. இதை வாங்கி வைத்திருந்தால், இவர் உள்ளே மூச்சுக்குத் தவிக்க, நான் கொல்லையில் இந்த ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பேன். பட்டன் வைத்த மாடல் உண்டே என்று கேட்டேன். "பேட்டரி எறங்கிட்டா பட்டன் இன்னா பண்ணும்?" என்றார்.

கடைசியில் இரண்டு கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம். கயிறு இழுத்தால் கிளம்பும். கடையிலேயே என்னைப் பத்துத் தடவை இழுக்கவைத்தார். நான் மூன்றாவது இழுப்பில் கிளப்பிவிட்டேன். "அவ்ளோதாம்மா. உங்க கை எதைக் கெளப்புமோ அதான் உங்க வூட்டுக்கு சைஸு" என்றார். ஷ்யாம், "பொம்மை மாதிரி இருக்கு" என்று சிரித்தான்.

வீட்டில் மாட்டும்போதுதான் சண்டை வந்தது. கிணற்று மோட்டாரை அவர் ஜெனரேட்டர் லைனில் சேர்க்கவில்லை.

"தண்ணிக்கு என்ன பண்றது?"

"ஈபி வந்தப்புறம் ஏத்திக்கலாம்மா. ஒரு எச்பி மோட்டரு. எழும்புறப்ப இத்தப் படுக்க வெச்சிடும்."

"நான் என்ன எல்லாத்தையும் ஒரே நேரத்துலயா போடப்போறேன்? ஃப்ரிட்ஜை அணைச்சிட்டுப் போட்டுக்கறேன்."

"அப்டித்தாம்மா எல்லாரும் நெனைப்பாங்க. ஆனா நம்ம ஜனங்களுக்கு லைட்டு எரிஞ்சா போதும், கை நேரா மோட்டர் சுவிச்சுக்குத்தான் போவும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏசுதாஸ், எனக்குப் பாடம் நடத்தாதே. சொன்னதைச் செய். இவ்வளவு செலவு பண்ணி வாங்கிட்டுத் தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிட்டு அலையணுமா நான்?" தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிம்மா" என்றார். மாட்டினார்.

அதிசயமாக ஐந்து நாள் கரண்ட் போகவே இல்லை. ஆறாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் போனது. முதலில் சிலிண்டரைத் திறந்தேன். கொல்லைக்கு ஓடினேன். இரண்டாவது இழுப்பிலேயே ஜெனரேட்டர் கிளம்பியது. வீட்டு லைனை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். வீட்டில் லைட் எரிந்தது, மெஷின் ஓடத் தொடங்கியது. உள்ளே வந்து இவர் மூக்குக் குழாயை மெஷினுக்கு மாற்றி, சிலிண்டரை மூடினேன். சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் போனேன்.

அப்போதுதான் என் கை மோட்டார் சுவிட்சைப் போட்டது. நான் போடவேண்டும் என்று நினைக்கவே இல்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கரண்ட் வந்ததும் ஓடிப்போய் மோட்டார் போட்ட கை. கிணற்றுக்குள் ஒரு முனகல் கேட்டது. லைட் மங்கிச் சிவந்தது. ஜெனரேட்டர் இரண்டு முறை விக்கி நின்றது. உள்ளே மெஷின் வீலென்று அலறியது.

ஓடினேன். இவர் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. சிலிண்டரின் சாவி என் கையில் நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. தரையில் படுத்துத் துழாவினேன். "இருங்க, இருங்க, ஐயோ இருங்க" என்று கத்தினேனே தவிர, அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாவி அகப்பட்டது. இரண்டு முறை தப்பான பக்கம் திருப்பினேன். பிறகு சிலிண்டர் சீறியது, குழாயை மெஷினிலிருந்து பிடுங்கி அதில் மாட்டினேன்.

கால் மணி நேரம் கழித்துத்தான் அவரால் பேச முடிந்தது. "மோட்டார் போட்டியா?" என்றார். நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன்.

போன் செய்ததும் ஏசுதாஸ் தன் டிவிஎஸ் ஐம்பதில் வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னேன். நான் அன்றைக்குச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நேரே போர்டிடம் போய், டெஸ்டர், பல்பு, புறங்கை எல்லாம் முடித்து, மோட்டார் வயரைக் கழற்றி எடுத்தார். முடித்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பேசினார்.

"எல்லப்பன்னு ஒருத்தன்ம்மா. தொண்ணூத்தாறுல நானும் அவனும் ஒண்ணா வேல செஞ்சோம். மெயினு ஆஃப் பண்ணியாச்சுன்னு வூட்டுக்காரரு சொன்னாரு. நாம பாக்கலாம்டான்னேன். பெரியவங்க சொல்றாங்க, சந்தேகப்பட்டா இன்னா நெனைப்பாங்கன்னு தொட்டான். என் கண்ணு முன்னாடியே போயிட்டான். அன்னிலேந்து யார் சொன்னாலும் நம்பறதில்ல, எதுன்னாலும் நானே பாத்துடுவேன்."

தம்ளரைக் கையில் உருட்டியபடியே தொடர்ந்தார்.

"அப்டிப்பட்டவன் அன்னிக்கு சரின்னுட்டேன். எங்கப்பாரு கருங்குழி பக்கம் அடுத்தவங்க நெலத்துல கூலி வேல செஞ்சவரு. யாராவது கொரல ஒசத்துனா அவரு வாயி தானா சரின்னுடும். எனக்கும் அதே வாயி. வூட்டுக்குப் போயி அஞ்சு நாளா தூங்கலம்மா. அய்யா மெஷினு நின்னுடுமோ, நின்னுடுமோன்னு என் வூட்டுக்காரி ஜாக்குலின் கையில சொல்லிகினே இருந்தேன். வந்து கயட்டிடலாம்னு ரெண்டு வாட்டி உங்க தெரு வரைக்கும் வந்தேன். நீங்க இன்னா சொல்வீங்களோன்னு திரும்பிட்டேன். கரண்டுக்கும் பயந்தேன், உங்களுக்கும் பயந்தேன். உங்களுக்குத்தான் ஜாஸ்தி பயந்துட்டேன்."

என் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆபீஸர் வீட்டுக்காரர்களிடம் அது வராது. வேலைக்கு வருகிறவர்களிடம் மட்டும்தான் வரும். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். விஷயம் தெரிந்தவர் எதிரில் நின்று சொன்னதை அந்தக் குரலால் அடக்கி, என் புருஷனைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

இவர் உள்ளே இருமினார். சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது.

"ஏசுதாஸ், ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லுங்க. எனக்குப் பயந்துட்டு வேற எதுக்காவது சரின்னு சொல்லியிருக்கீங்களா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார், ஓடிவிடலாமா என்று யோசிக்கிறவர் போல.

"நான் கத்த மாட்டேன். சொல்லுங்க."

"ரெண்டு கீதும்மா" என்றார்.

"என்னன்னு சொல்லுங்க."

"எர்த்துக்குக் குழி தோண்டணும்னேன். பூச்செடி பாழாப்பூடும்னு திட்டுனீங்க. பழைய எர்த்துலயே முடிச்சுட்டேன். அது கூட நாளைக்குத் தோண்டிக்கலாம்." அவர் குரல் இன்னும் இறங்கியது. "ஜெனரேட்டர காம்பவுண்டு ஓரம் தள்ளி வெக்கணும்னேன். திருடு போவும், அய்யா ரூம் ஜன்னலாண்ட வையின்னீங்க. அந்தப் பொகையில கீற விஷக் காத்துக்கு வாசனயே கெடையாதும்மா. அய்யா ஒரு ராத்திரி பூரா அத்த மோந்துகினு படுத்தாருன்னா, காலைல எழுந்திரிக்க மாட்டாரு."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஏசுதாஸ், ஜெனரேட்டரைத் தூக்கினோம்.