மூதூருக்கு அப்பால் அரை மணி

போன கிழமை கைபேசியில் ஒரு கல்யாண அழைப்பு வந்தது. வீடு தேடி வந்து சொல்லுகிற சனம் இப்போது குறைவு. பிள்ளையாரும் பூவும் மினுங்க, பாட்டோடு வந்து விழுகிறது. சுபமுகூர்த்தம் காலை பத்து மணி என்று போட்டிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "இது பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்திலிருந்த மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதென்னம்மா ரெண்டு நேரம்? நாட்டில ஒரு நேரம்தானே இருக்கு."

ஓம், இப்போது ஒன்றுதான். அவள் சொன்னதில் பிழையில்லை. கேட்ட பிறகு எனக்குத்தான் ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது. உங்களிடம் சொன்னால் என்ன? பழகின ஆள்தானே. ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள், கதை கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் போகும்.

எங்கள் துறைமுகப் பட்டினத்தில், ஓர்ஸ் ஹில் மேட்டில் ஓர் அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்திருந்த காலம் அது. தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே உள்துறைமுகம். கொழும்பிலிருந்து வருகிற அதிகாரிகள் அந்தச் சன்னலில் நின்று "என்ன வடிவு, என்ன வடிவு" என்று உருகிப் போவார்கள். வீட்டில் அப்பாவிடம் அதைச் சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். துறைமுகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுசன் அவர்.

"இந்தத் துறைமுகம் மட்டும் இல்லாட்டி எங்கட பக்கம் ஒரு நாயும் எட்டிப் பார்த்திராது. நிம்மதியா இருந்திருப்பம்," என்பார்.

அவர் சொன்னது சரி. போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று வந்தவன் எல்லாம் இந்தத் தண்ணீருக்காக வந்தவன்தான். எங்கள் காலத்தில் அரசாங்கத்தின் ஆமியும், அதோடு சண்டை பிடித்த இயக்கமும். துறைமுகமும் பட்டினமும் ஆமியின் கையில். குடாவின் தெற்குக் கரையில், மூதூருக்கு அப்பால், வெருகல் வரைக்கும் நீளுகிற ஊர்களில் பல இயக்கத்தின் கையில். அந்தக் கரையில் நின்றால் துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல் கண்ணுக்கு நேரே தெரியும். அதனால் ஒருவனுக்கு அந்த மண்ணை விட ஏலாது, மற்றவனுக்கு அதைப் பிடிக்காமல் இருக்க ஏலாது. அங்கே இருந்த சனம் நெல் விதைத்தது, வலை இழுத்தது, மாடு வளர்த்தது. கப்பல் தெரிகிற இடத்தில் வீடு கட்டினது மட்டும்தான் அவர்கள் செய்த குற்றம்.

நேரத்தின் கதைக்கு வருகிறேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை எல்லாம் முன்னுக்குத் தள்ளி வைத்தது. கடைசியில் அது அரை மணியில் வந்து நின்றது. இயக்கம் அதை ஏற்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல ஏலாது, அங்கே கரண்டே இல்லை, மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? ஆக, இந்தப் பக்கம் புது நேரம், அந்தப் பக்கம் பழைய நேரம். எங்களுக்குப் பத்தரை என்றால் அவர்களுக்குப் பத்து.

மூதூருக்கு அங்கால், ஆளையும் பையையும் சோதிக்கிற ஆமியின் சென்ட்ரி முடிகிற இடத்தில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு வெட்டவெளி இருந்தது. அதைத் தாண்டினால் இயக்கத்தின் சென்ட்ரி. அந்த வெளியில் நடக்கும்போதுதான் எல்லோரும் கைக்கடிகாரத்தைத் திருப்புவார்கள். போகும்போது பின்னுக்கு, வரும்போது முன்னுக்கு. குடைபிடித்த ரீச்சர்மார், சைக்கிள் உருட்டுகிற வியாபாரிகள், கைக்குழந்தையோடு வருகிற தாய்மார், எல்லோரும் தலையைக் குனிந்து மணிக்கட்டைத் திருகியபடி நடப்பார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால் ஏதோ நேர்த்திக்கடன் என்றுதான் நினைப்பார்கள்.

மஜீது நானா மட்டும் திருப்பமாட்டார். மூதூர்க்காரர், அந்தப் பக்கத்து மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி, குடாவைக் கடக்கிற லோஞ்சுப் படகில் பட்டினத்துக்குக் கொண்டுவருகிறவர். அவரிடம் இரண்டு மணிக்கூடு. ஒன்று கையில், மற்றது சட்டைப் பைக்குள். "ரெண்டு பேரிட நேரத்தையும் கையில கட்டினா ரெண்டு பேரும் சந்தேகப்படுவானுகள் தங்கச்சி," என்று சிரிப்பார். "நோன்பு திறக்க எந்த மணிக்கூடு நானா?" என்று ஒருநாள் சீண்டினேன். "அதுக்குச் சூரியன் இருக்கு. அதை ஒருத்தனும் திருகேலாது," என்றார். மீன் நாற்றமும் அத்தர் வாசமும் கலந்த அவருடைய சட்டையின் மணம் இப்போதும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

நானாவின் வாய்வழியாகத்தான் என் அண்ணனின் கல்யாணப் பேச்சே ஓடியது. அண்ணன் வாய்க்கால் வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தன். பாஸ் எடுத்துக்கொண்டு கிழமைக்கு ஒருதரம் அந்தப் பக்கம் போவான். போன இடத்தில் மதகைப் பார்த்தானோ இல்லையோ, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சுகந்தியைப் பார்த்துவிட்டான். எனக்குத்தான் முதலில் சொன்னான், நான்தான் அம்மாவின் காதில் போட்டேன்.

வெருகல் கோயில் திருவிழாவில் அவளை முதன்முதலாகக் கண்டேன். மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. என் மணிக்கூட்டைப் பிடித்துத் தன்னுடையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "பாருங்கோ மச்சாள், உங்கட ஊரில அரை மணி முந்தியே கிழவியாகிப் போவீங்கள்."

"அப்ப அண்ணா?"

"அவரும்தான் கிழவன். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்ளுறன்."

எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. இப்படிக் கதைக்கிற ஒருத்தி எங்கள் வீட்டுக்குள் வந்தால் அப்பாவின் முணுமுணுப்புக்கு ஒரு முடிவு வரும் என்று நினைத்தேன்.

கல்யாணம் பெண்ணின் ஊர்ப் பிள்ளையார் கோயிலில், மாசி மாதத்தில் என்று முடிவாயிற்று. முகூர்த்தத்தைப் பெண்ணின் தகப்பன் வேலாயுதம் மாமா, நானாவிடம் சொல்லி அனுப்பினார். "பத்தரையாம்," என்றார் நானா.

அப்பா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "அவங்கட நேரம் பத்தரை எண்டா எங்களுக்குப் பதினொண்டு. ரெண்டாவது லோஞ்சில போனாலும் காணும்."

அண்ணன் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டான். "எந்த நேரமெண்டு நானாட்ட ஒருக்காக் கேக்கட்டோ அப்பா?"

"நீ மாப்பிள்ளை. மாப்பிள்ளையா லட்சணமா வாயை மூடிக்கொண்டு இரு."

மூடிக்கொண்டு இருந்தான். எங்கள் ஊரில் மாப்பிள்ளையாகிற அன்று ஆம்பிளைக்கு வாயில்லாமல் போய்விடும்.

அன்றைக்கு நாங்கள் இரண்டாவது லோஞ்சில் போனோம். லோஞ்சு ஏறுகிற துறையில் பெட்டியைத் திறந்து மூடி, கூறைச்சேலையை உதறிப் பார்த்து, தாலியைக் கையில் நிறுத்துப் பார்த்துத்தான் நேவி விட்டது. மூதூரிலிருந்து ஒரு வாடகை வான். சென்ட்ரியில் எங்களுக்கு முன்னால் நல்ல வரிசை. அரைகுறைத் தமிழில் ஒரு ஆமிக்காரப் பொடியன், "கல்யாணமா? நல்லது, நல்லது," என்று அண்ணனின் தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்தான். முதல் லோஞ்சில் வந்த ஆட்கள் அந்த வெளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் எங்கோ ஒரு வெடிச் சத்தம். ஆமிக்காரனின் சிரிப்பு அப்படியே அணைந்துபோயிற்று. பாதையை மறிக்கிற தடியை இறக்கினார்கள். "பாதை மூடியாச்சு. திரும்பிப் போங்க."

அப்பா கெஞ்சினார். அம்மா கூறைத் தட்டை மடியில் வைத்தபடி வானுக்குள் அழுதாள். அந்த வெளிக்கு அப்பால், வாழைக்குலையும் தோரணமும் கட்டின ஒரு உழவு இயந்திரம் நின்றது. எங்களை ஏற்றிப் போக வந்தது அது. அதன் பெட்டியில் ஏறி நின்று வேலாயுதம் மாமா குடையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். ஒரு நெல்வயலைத் தாண்டுகிற தூரம்கூட இல்லை. அண்ணன் பதிலுக்குக் கையைத் தூக்கினான். "கையைக் கீழ போடு," என்று ஆமிக்காரன் கத்தினான்.

சில நாள் கழித்துப் பாதை கொஞ்சம் திறந்தபோது நானா வந்து, தலையைச் சொறிந்துகொண்டு குசினி வாசலில் உட்கார்ந்தார். அவர் சொல்லித்தான் விசயம் விளங்கியது. ஐயர் குறித்துக் கொடுத்தது பழைய நேரம் பத்து மணி. பட்டினத்து ஆட்களைக் கணக்குப் பார்க்க வைக்கக் கூடாது என்று மாமாவே அதைப் புது நேரத்துக்கு மாற்றிப் பத்தரை என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அவர்கள் தங்கள் நேரத்தில்தானே சொல்லுவார்கள், அவர்களுக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று அப்பா அதை இன்னொருதரம் மாற்றியிருக்கிறார். இரண்டு மரியாதையும் சேர்ந்து எங்களை முதல் லோஞ்சில் ஏறவிடாமல் பண்ணிவிட்டன.

"என்ன மனுசரப்பா நீங்க! நான் என்னத்தைக் கண்டன், சொன்னதைச் சொன்னனான்," என்றார் நானா. முதலில் அம்மா சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரிக்க முடிந்தது, ஏனென்றால் சித்திரை வருசம் பிறந்த பிறகு இன்னொரு நாள் குறித்தாயிற்று.

அந்தச் சித்திரையில்தான் அரசாங்கம் மணிக்கூடுகளைப் பழையபடி பின்னுக்கு இழுத்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரம்! "இனி ஆர் மாத்தினாலும் பிழைக்காது," என்று அப்பா சுவர் மணிக்கூட்டைத் தானே கதிரை போட்டு ஏறித் திருப்பினார். ஊரே திருப்பியது. அண்ணன் மட்டும் திருப்பவில்லை. "நான் அந்த வெளியில வைச்சுத்தான் மாத்துவன். கடைசித்தரம்," என்றான். மாப்பிள்ளைக்கு வாய் வந்துவிட்டது என்று அவனைப் பகிடி பண்ணினோம்.

நேரம் ஒன்றாகி ஒரு மாதம்கூடப் போகவில்லை, சண்டை தொடங்கிவிட்டது. துறைமுகப் பக்கமிருந்து போகிற பீரங்கிச் செல் எங்கள் கூரைக்கு மேலால் கூவிக்கொண்டு போகும், அப்பால் எங்கோ விழுகிற சத்தம் கொஞ்சம் பொறுத்து வரும். அந்த இடைவெளியில் அண்ணன் மூச்சு விடமாட்டான். பாதை மூடினது மூடினதுதான். பிறகு மூதூரும் அடிபட்டு, சனம் எல்லாம் வெளிக்கிட்டு ஓடியது. மஜீது நானாவின் குடும்பமும் அதற்குள் போயிற்று. அவரை அதன் பிறகு நான் காணவேயில்லை. ஒரு நல்ல மனுசனுக்கு ஒழுங்காய் நன்றிகூடச் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் மனத்தைக் குடைகிறது.

அந்தப் பக்கத்துச் சனம் வெருகல் ஆற்றைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, அண்ணன் முகாம் முகாமாய் அலைந்தான். ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் வேலாயுதம் மாமா இருந்தார். சுகந்தி இல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்றே, வழியில் விழுந்த செல்லில் போய்விட்டாள். அங்கேயே ஒரு பனைக்குப் பக்கத்தில் தாட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

மாமா அழவில்லையாம். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம். "தம்பி, அண்டைக்கு நான் பத்து எண்டே சொல்லியிருக்கலாம். பிள்ளை உங்கட வீட்டில இருந்திருப்பாள்."

இதை அண்ணன் எனக்கு ஒருதரம்தான் சொன்னான். அப்பாவுக்குச் சொல்லவேயில்லை.

இப்போது பட்டினத்தில் பஸ் ஏறினால் பாலங்கள் தாண்டி நேரே வெருகலில் போய் இறங்கலாம். சென்ட்ரி இல்லை. லோஞ்சுக்காக அடித்துப் பிடித்து ஓடுகிற சனமும் இல்லை. போன வருசம் அந்த வழியால் போனபோது அந்த வெளி எங்கே இருந்தது என்று சன்னலோரம் இருந்து தேடினேன். நெல் விதைத்திருந்தார்கள். எந்த இடத்தில் மணிக்கூட்டைத் திருப்பினோம் என்று எனக்கே பிடிபடவில்லை. அந்தத் துண்டு நிலத்துக்காக இத்தனை பேரைக் கொன்றவர்கள் வந்து தேடினாலும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

நேற்று அந்தக் கல்யாணம். நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதிரைகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அண்ணன் மட்டும் தனியே இருந்தார். வயதாகிவிட்டது, கல்யாணம் கட்டவில்லை, எந்த வீட்டு விசேசத்துக்கும் இப்படித்தான் எல்லோருக்கும் முதல் வந்து குந்தியிருப்பார். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு பகிடி.

மகள் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். "மாமா, உங்கட மணிக்கூடு அரை மணி முந்தி ஓடுது. தாங்கோ, சரிப்படுத்தித் தாறன்."

அண்ணன் மற்றக் கையால் அதைப் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. அரை மணி கையில இருக்கட்டும்."