வாசலில் நின்ற கௌரி

அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது.

என் பெயர் ஸ்டெல்லா. புனேயில் கட்கியில் இருக்கிறோம். நான் எட்டாவது வரைதான் படித்தேன். தமிழ் பேச வரும், எழுத வராது. சபையில் ஒரு அக்கா, நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறார். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். ஏழைகளுக்கு ஒதுக்கிய இலவச சீட்டில் அம்மா அலைந்து எனக்கு இடம் வாங்கினாள். வகுப்பில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். டிபனைத் திறந்தால், "ஏ இட்லி, ஆஜ் பி இட்லி?" என்பார்கள், இன்றைக்கும் இட்லியா என்று. பெஞ்சில் உட்காரப் போனால், "ஃப்ரீ சீட், உதர் ஜா!" அந்தப் பக்கம் போ என்று விரட்டுவார்கள்.

அதனால் யாராவது சிரித்துப் பேசினாலும் எனக்குப் பயம். ஏன் சிரிக்கிறாள்? பின்னால் நின்று யார் வேடிக்கை பார்க்கிறார்கள்? கௌரி என்று ஒருத்தி மட்டும் தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு வைப்பாள். டீச்சர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். என் உடுப்பைப் பார்த்துச் சிரிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று போகவில்லை.

ஏழாவது படிக்கும்போது, மழைக்காலத்தில், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு அவள் புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, அம்மா இல்லாமல் அங்கே யாரை நம்பிப் போவேன்? எனக்கென்று ஒரே ஒரு ஆளைக் காட்டும். காட்டாவிட்டால் போக மாட்டேன்." கோபமாகத்தான் கேட்டேன்.

மறுநாள் மத்தியானம் கதவைத் தட்டினார்கள். கௌரியும் அவள் அம்மாவும். கையில் பெரிய டப்பா. வேவு பார்க்க வந்திருக்கிறார்கள், நாளைக்கு வகுப்பு முழுவதும் எங்கள் ஒற்றை அறையைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்தேன். வாசலை மறைத்து நின்றேன். கௌரியின் அம்மா டப்பாவைக் கொடுத்து, என் தலையைத் தடவினார். இருவரும் மாடிப்படி இறங்கிப் போனார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அத்தை திறந்து பார்த்தாள். சோள ரொட்டி. கடலைமாவைக் கரைத்துக் காய்ச்சிய குழம்பு. அவ்வளவுதான்.

"ஏட்டி, கார்ல வந்தவிய கடலமாவக் கிண்டிக் கொண்டாந்திருக்காவ. நம்மளப் பிச்சக்காரின்னு நெனச்சிட்டாவளோ?"

கௌரியின் டிபனில் பனீர் இல்லாத நாளே இல்லை. இவர்களுக்கு இது போதும் என்று நினைத்திருக்கிறார்கள். டப்பாவை வெளியே வைத்தேன்.

பக்கத்து அறை சுனந்தா மௌசி, அதாவது சித்தி, பார்த்துவிட்டார். மராட்டிக்காரர், எங்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார்.

"அரே, பிட்லா பாக்ரி! யார் கொண்டு வந்தது?"

"ஸ்கூல் பொண்ணு வீட்லேருந்து, மௌசி. எங்களுக்கு வேணாம், நீங்க எடுத்துக்கோங்க."

"பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? சாவு வீட்ல அடுப்பு எரியாது இல்ல? எங்க ஆளுங்க அப்போ இதுதான் கொண்டு போவாங்க. நம்ம சொந்தம்னு நெனைக்கிற வீட்டுக்குத்தான் போவாங்க. பனீர் கொண்டு வர இது என்ன கல்யாணமா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "நம்மூர்லயும் சோறு கொண்டாருவாவள்ளா..." என்றாள் மெதுவாக.

ஒரு ஆளைக் காட்டும் என்று கேட்டேன். காட்டினார். நான் திருப்பி அனுப்பிவிட்டேன்! செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சந்து முனையில் கார் திரும்ப இடமில்லாமல் நின்றது. கண்ணாடியைத் தட்டினேன்.

"ஊப்பர் ஆவோ," என்றேன். மேலே வா.

கௌரி என்னையே பார்த்தாள். "நிஜமாவா? உனக்கு என்னைப் பிடிக்காதுன்னுல்ல நெனச்சேன்," என்றாள் இந்தியில்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா போன பிறகு நான் வாயில் வைத்த முதல் சாப்பாடு அது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனேன். கேலி செய்கிறவர்கள் மாறவில்லை. நான் கௌரி பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டாவதை முடித்தேன். இலவச சீட் அதோடு சரி. இப்போது தையல் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கௌரி வருவாள். அம்மாவை நினைத்து இன்னும் அழுகிறேன். சந்தேகப்படுகிற புத்தியும் முழுசாகப் போகவில்லை. அது வரும்போதெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன்.

பிரியமானவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். கோபமாகக்கூடக் கேளுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். கேட்ட பிறகு யாராவது கதவைத் தட்டினால், எதற்கு வந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் உள்ளே வரச் சொல்லுங்கள்.