கஞ்சி பங்களாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

குன்னூருக்கு மேலே, வெள்ளைக்காரர்கள் நடத்திய ஏழைகள் விடுதியில் எங்கள் அம்மா சமையல்காரி. ஊரார் அதைக் கஞ்சி பங்களா என்பார்கள். காய்ச்சலில் விழுந்து தோட்ட வேலைக்கு ஆகாமல் போனவர்களும், பெற்றவர்களை இழந்த பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அம்மா விடியும் முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். எனக்குத் தலை சீவிவிட்டது அத்தை. அந்தப் பிள்ளைகளை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். வெளியே சொல்லவும் முடியாது. அநாதைகள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

சண்டை வந்தபோது விடுதியை மூடி, பட்டாளத்துக்குக் கம்பளி அடுக்கும் கிடங்காக்கினார்கள். சண்டை முடிந்ததும் அதுவும் காலியானது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, அம்மாவோடு அருவங்காட்டில் இருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, பர்லியாரிலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி கூடை நிறைய மங்குஸ்தான் பழத்தோடு வந்தாள். விடுதியில் வளர்ந்தவள். அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது. ஆனாலும் குரலைக் கேட்டதுமே, "வந்துட்டயா கண்ணு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒருநாளும் அம்மா கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

விடுதியைப் பார்க்க வேண்டும் என்றாள் வந்தவள். அம்மாவுக்கு முழங்கால் வலி. என்னைக் கூட்டிப் போகச் சொன்னாள். வேண்டாவெறுப்பாகப் போனேன்.

கதவு பெயர்ந்து கிடந்தது. நீளமான முன்கூடம் ஆதியில் ஒரு துரையின் குதிரை லாயம் என்று அவள் சொன்னாள். குதிரை கட்டிய இரும்பு வளையங்கள் சுவரில் அப்படியே இருந்தன. பிளேக் வந்த வருஷம் நோயாளிகளை அடைத்த பின்னறையைக் காட்டினாள். கம்பளிக் கட்டுகளுக்குப் போட்ட எண்கள் அதன் சுவரெல்லாம் தாரில் எழுதியிருந்தன. சமையலறைக்கு வந்ததும் கரி படிந்த அடுப்பின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பனிக்காலத்தில் அம்மா தன்னை அங்கேதான் உட்காரவைத்துத் தலை சீவிவிடுவாளாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்கம்மா சம்பளத்துக்குத்தானுங்க வந்தாங்க" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. 

"தெரியுமுங்க. அஞ்சு மணியாச்சுன்னா, ஊட்ல எம் புள்ள பாத்துட்டு இருப்பான்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. அந்தப் புள்ள செத்துப் போச்சுன்னா இங்கயே இருந்துருவாங்கன்னு சாமிகிட்ட வேண்டியிருக்கறேனுங்க. எத்தனையோ நாள். அதை உங்ககிட்டச் சொல்லிப்போடணும்னுதான் வந்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. என்னை நினைத்தும் ஒருத்தி இத்தனை வருஷம் வெந்திருக்கிறாள். அம்மா என்னிடம் வருவதற்காகத்தான் அங்கிருந்து எழுந்து வந்திருக்கிறாள்.

"நான் சாகலீங்களே" என்றேன். அவள் அழுதாள். நானும் அந்தக் கரியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திரும்பும்போது பொங்கலுக்கு வரச் சொல்லி நானே கூப்பிட்டேன். புருஷனோடு வந்தாள். அம்மா அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முதுகைத் தடவித் தடவிப் பேசினாள். பரிமாறியது நான். அவள் இலையில் மட்டும் நெய்யைக் கொஞ்சம் குறைத்துத்தான் விட்டேன்.