ஆறு பேருக்கு ஒரு நர்ஸ்

அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். வயது முப்பத்தெட்டுதான். ஆனால் பொது மருத்துவப் பிரிவில் அவளோடு மேற்படிப்புப் பயிற்சியில் இருந்த டாக்டர்கள் யாரும் இருபத்தெட்டைத் தாண்டாதவர்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

பதினோரு வருடம் ஒரு சின்ன கிளினிக்கில் சளிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தவள். மாமனாரை மூச்சுத்திணறலுக்காகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தபோது, தானே எழுந்து பாத்ரூம் போய்வந்த மனிதருக்கு முதல் நாளே சிறுநீர்க் குழாய் போட்டுவிட்டார்கள். எதற்கு என்று கேட்டாள். "எல்லாருக்கும் போடறதுதான்" என்றார்கள். ஒன்பதாம் நாள் குழாய் வழியே கிருமி ஏறிக் காய்ச்சல். பதினாலாம் நாள் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அவள் நுழைவுத் தேர்வுக்குப் புத்தகத்தை எடுத்தாள். மகளுக்குத் தலை பின்னக் கணவர் கற்றுக்கொண்டார்.

சேர்ந்த இடத்திலும் அதே வழக்கம்தான். அறுபது வயதைத் தாண்டி உள்ளே வந்தால் குழாய். இதை ஜர்னல் கிளப்பில் மாற்றிவிடலாம் என்று நம்பினாள். மருத்துவ இதழில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை ஒருவர் எடுத்துச் சொல்ல, மற்றவர்கள் அதைக் கிண்டிக் கிளறிப் பார்ப்பதற்கான கூட்டம் அது. பேச்சுக்கு அப்படி. நடந்தது புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. சாப்பிட்ட வயிறு, விளக்கணைத்த அறை, ஏசி. தூங்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்ய முடியாது. ஒருவர் திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பார். துறைத் தலைவரின் தாடை மெல்ல நெஞ்சில் இறங்கும். முடிந்ததும் கைதட்டல். வராதவர்களுக்கும் சேர்த்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து.

மூன்றாம் வருடம் தலைவர் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, இன்ஸ்பெக்‌ஷன் வருது. இந்தக் கிளப்பைக் கொஞ்சம் உருப்படியா ஆக்கேன். நீதான் வயசுல பொறுப்பானவ."

அவள் செய்தாள். விளக்கைப் போட்டாள். திரையை எடுத்தாள். கட்டுரை வெள்ளிக்கிழமையே எல்லார் கைக்கும் போனது. வார்டில் இருக்கும் ஒரு நோயாளியைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். பிறகு ஐந்து கேள்விகள், ஒரு தாளில் அச்சடித்து. எத்தனை பேரை வைத்து ஆராய்ந்தார்கள், எப்படிப் பிரித்தார்கள், பாதியில் விட்டுப்போனவர்கள் என்ன ஆனார்கள், கிடைத்த பலன் எவ்வளவு, அந்த நோயாளிகள் நம் நோயாளிகளைப் போன்றவர்களா. முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். "ஸ்கூல்ல கூட இவ்வளவு ஹோம்வொர்க் கிடையாது பெரியம்மா" என்றார் ஒரு ஜூனியர். மூன்றாம் மாதம் அதே ஜூனியர் ஒரு மாத்திரைக் கட்டுரையை நார்நாராகக் கிழித்தார். தலைவர் கண் மூடவில்லை.

அப்போதுதான் தன் முறைக்குக் குழாய்க் கட்டுரையை எடுத்தாள். காரணமில்லாமல் குழாய் போடாத ஓர் ஆஸ்பத்திரி, போட்டாலும் இரண்டாம் நாள் எடுத்துவிடும் ஆஸ்பத்திரி. அங்கே காய்ச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. இது ஒன்று வார்டில் நடந்துவிட்டால் போதும், மூன்று வருடத்துக்கும் அர்த்தம் உண்டு. வார்டு சிஸ்டரையும் அழைத்திருந்தாள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு நர்ஸ் வந்தது அதுவே முதல் தடவை. பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட இடமில்லை. கதவோரம் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து கேள்விக்கும் கட்டுரை அசராமல் நின்றது. முடிக்கும் நேரத்தில் சிஸ்டர் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம் டாக்டரம்மா. கேக்கலாமா?"

"கேளுங்க சிஸ்டர், அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"அந்த ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்?"

அவள் தாளைப் புரட்டினாள். மூன்றாம் பக்கம், பொடி எழுத்து. ஏழு முறை வாசித்த கட்டுரை. அந்த வரியில் அவள் கண் ஒருமுறையும் நிற்கவில்லை.

"ஆறு."

"இங்க எனக்கு ரெண்டு நர்ஸ் பொண்ணுங்க, நாப்பத்துநாலு பேஷண்ட். குழாயை எடுத்துட்டா பெட்பேன் யார் வைக்கறது? நனைஞ்ச விரிப்பை யார் மாத்தறது? ஈரத்துல கிடந்தா முதுகு புண்ணாகும். அதுக்கும் காய்ச்சல் வரும்."

"உங்க அஞ்சு கேள்வியில இது இல்லையே பெரியம்மா" என்று ஜூனியர் மெதுவாகச் சொன்னார். நோயாளிகளை ஒப்பிட்டிருந்தாள். அவர்களைத் தூக்கிப் பிடிக்கும் கைகளை எண்ணியிருக்கவில்லை.

தலைவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம். இதுதான் ஜர்னல் கிளப். கட்டுரை நல்ல கட்டுரை, நம்ம வார்டுக்குப் பொருந்தாது. அப்படியே எழுதி வச்சிடும்மா."

"சார், அப்ப நர்ஸ் கூடுதலா வேணும்னும் எழுதலாமே?"

"அது நிர்வாக விஷயம். அதுக்கும் இந்த ரூமுக்கும் சம்பந்தம் இல்ல."

அதுவரை குழாய் காரணமில்லாமல் போடப்பட்டது. அந்தப் புதன்கிழமையிலிருந்து அதற்கு எழுத்தில் ஒரு காரணம் கிடைத்தது.

வராந்தாவில் சிஸ்டர் கூடவே நடந்தார். "ஆள் கேட்டு வாங்கலாம்னுதான் வாயைத் திறந்தேன். அவர் வேற மாதிரி முடிச்சுட்டார்."

"முன்னாடியே உங்களைக் கேட்டிருக்கணும். என் தப்பு."

"கேட்டிருந்தா மட்டும் ஆள் வந்து குதிச்சிருக்குமா? விடுங்க."

அவள் விடவில்லை. நான்கு கூடுதல் நர்ஸ் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினாள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே வரிதான், தேதி மட்டும் வேறு. இன்ஸ்பெக்‌ஷன்காரர்கள் வந்து, கூட்டக் குறிப்புகளைப் பார்த்து மெச்சி, ஐந்து கேள்வித் தாளில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் கால் வீங்கிய ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். எழுபத்து மூன்று வயது. வீக்கத்து நீர் சிறுநீராக இறங்க ஊசி போட்டார்கள்.

"குழாயெல்லாம் வேணாம்மா. ஒருத்தர் கையைப் பிடிச்சா நானே போயிட்டு வந்துடுவேன்."

பெரியம்மாவே கையைப் பிடித்து அழைத்துப்போனாள். போய்வரப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் ஐந்து நோயாளிகள் அவளுக்காகக் காத்திருந்தார்கள், அதில் ஒருவருக்கு நெஞ்சுவலி. கால் மணி நேரத்தில் அம்மாள் மறுபடி கூப்பிட்டார். ஒரு நர்ஸ் வாந்தி எடுத்தவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ரத்தம் வாங்கப் போயிருந்தாள்.

பெரியம்மா கையுறை மாட்டிக்கொண்டு புதுக் குழாயின் உறையைப் பிரித்தாள். அம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.