இரண்டாம் கியரை விடமாட்டேன்

இது நடந்தது இலங்கையில் பெட்ரோலுக்காக ஊரே வரிசையில் நின்ற வருஷத்தில், ரிவர்ஸ்டன் மலையிலிருந்து ரத்தோட்டைக்கு இறங்கும் பாதையில். லீவு நாள் என்று மலை பார்க்கப் போயிருந்தோம். கணவருக்கு இடது கையில் மாவுக்கட்டு, அதனால் காரை நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் என் நாத்தனாரும் அவளுடைய இரண்டு சின்னப் பிள்ளைகளும்.

எங்களுடையது பழைய மெனுவல் கார். நான் லைசன்ஸ் எடுக்கப் போனபோது, பொம்பளைக்கு ஓட்டோ கியர் காரே போதும் என்று புத்தி சொல்லாத ஆள் எங்கள் ஊர் மாத்தளையில் பாக்கி இல்லை. அதற்காகவே மெனுவலில் பழகி, முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினேன். மலையில் ஏற எந்தக் கியர் தேவையோ இறங்கவும் அதே கியர், அப்போதுதான் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். அப்படியே ஓட்டியும் வந்தேன்.

ஆனால் அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. இறக்கம் வந்தால், பெட்ரோலை மிச்சம் பிடிக்கவென்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு உருட்டிக்கொண்டே வருவார்கள். எத்தனை கட்டை, எத்தனை மைல் தூரம் உருட்டினோம் என்று தேத்தண்ணிக் கடையில் பெருமை வேறு அடிப்பார்கள். என் கணவர் அதில் முதல் ஆள்.

நான் இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். எஞ்சின் உறுமியது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"எஞ்சின் கத்துறது கேக்கலையா ஒனக்கு? நியூட்ரல்ல போடு. இருக்கிற பெட்ரோலும் போச்சுன்னா ஒங்கப்பாவா வந்து கியூவுல நிப்பாரு?"

"நியூட்ரல்லயும் எஞ்சின் ஓடிக்கிட்டுதாங்க இருக்கு. பேசாம வாங்க."

விட்டாரா மனுஷன்? ஒவ்வொரு வளைவிலும் அதையே சொன்னார். பிடிவாதம், திமிர் என்று நாத்தனார் முன்னாலேயே ஏச ஆரம்பித்தார். பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். சரி, சனியன் ஒழியட்டும் என்று கிளச்சை மிதித்து நியூட்ரலில் தள்ளினேன். அவர் வாய் மூடியது.

கார் வழுக்கிக்கொண்டு போனது. வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தினேன். ஏழெட்டு வளைவு தாண்டியதும் ஏதோ கருகும் நாற்றம். அடுத்த வளைவில் மிதித்தபோது பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கார் நிற்கவில்லை. வலது பக்கம் தடுப்பில்லாத பள்ளம்.

"அண்ணி!" என்று நாத்தனார் அலறினாள். கணவர் நல்ல கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

கிளச்சை மிதித்து மூன்றாம் கியரைத் தள்ளினேன். நறநறவென்று கடித்ததே தவிர விழவில்லை. ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி மறுபடி தள்ளினேன், விழுந்தது. கிளச்சை மெல்ல விட்டதும் கார் குலுங்கி வேகம் குறைந்தது. பிறகு இரண்டாம் கியர். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலையோரம் இருந்த மழைத்தண்ணீர் ஓடும் கானில் முன் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பிள்ளைகள் அழுதார்கள், அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சக்கரங்களில் புகை. பின்னால் மரக்கறி ஏற்றி வந்த லொறி ஒன்று நின்றது. அதன் டிரைவர், ஒரு சிங்களவர், ஓடி வந்தார். சக்கரத்தில் ஊற்றுவதற்குக் கணவர் எடுத்த தண்ணீர்ப் போத்தலை வாங்கி வைத்துவிட்டு, சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்துவிடும், தானாக ஆறட்டும் என்றார். என்ன நடந்தது என்று கேட்டார். என் கணவர் சிரித்துக்கொண்டே, பொம்பளைகள் ஓட்டினால் இப்படித்தான் என்று சிங்களத்தில் சொன்னார்.

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. நியூட்ரலில் போடச் சொன்னது இவர், கேட்டது என் தப்பு என்று அதே சிங்களத்தில், நடு ரோட்டில் நின்று சொன்னேன். லொறிக்காரர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். கணவரின் முகம் கறுத்துப்போனது.

முக்கால் மணித்தியாலம் கழித்து, பிரேக் ஆறியதும், லொறிக்காரரும் லொறியில் வந்த பையன்களும் கானிலிருந்து காரைத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். கணவர் முன் கதவைத் திறந்தார்.

"பின்னால ஏறுங்க. முடியாட்டி லொறியில வாங்க," என்றேன்.

பின்னால்தான் ஏறினார். நாத்தனார் இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தாள். ரத்தோட்டை வரைக்கும் எஞ்சின் கத்தக் கத்த இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். அந்த லொறி, ஒரு தடவைகூட ஹோர்ன் அடிக்காமல், எங்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

இப்போது பெட்ரோல் கியூ ஒழிந்துவிட்டது, அவருடைய நியூட்ரல் புத்தி ஒழியவில்லை. அவரோடு எனக்குக் கோபமும் இல்லை, கோபமெல்லாம் என்மேல்தான். சரியென்று தெரிந்திருந்தும், ஒரு நிமிஷ நிம்மதிக்காக அந்த இரண்டு பிள்ளைகளையும் பள்ளத்தில் கொட்டப் பார்த்தவள் நான். அதனால் இனி பக்கத்தில் யார் உட்கார்ந்து என்ன ஏசினாலும், ஸ்டியரிங் என் கையில் இருக்கும்வரை கியரும் என் இஷ்டம்தான்.